தேதி வாரியாக

அரியூர் நாடு
8-7-2024

அன்புள்ள பூங்குழலிக்கு உன் கணவன் மாதேஸ்வரன் எழுதிக்கொள்வது.

பொருள்: வீடு திரும்பக் கோருதல்.

சிரிக்காதே. இருபது வருஷமாச் சோளக்காட்டுப் பஸ் ஸ்டாப்புல உக்காந்து ஊராருக்கு மனு எழுதின கை. பொண்டாட்டிக்கு எழுதறப்பவும் பொருள்னுதான் ஆரம்பிக்குது.

மேற்படி விஷயமாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நீ ஊட்டை விட்டுப் போயி இன்னியோட இருபத்தோரு நாள் ஆவுது. நடந்ததை நடந்தபடி ஒத்துக்கறேன். பங்குனியில உங்கப்பா ஒரு தபாலைக் கொண்டாந்து, "மாப்ளே, இது என்னன்னு பாருங்க"ன்னு நீட்டினாரு. நான் பாத்துட்டு, "வரி ரசீதுங்க மாமா, பத்திரமா வச்சுக்கங்க"ன்னு திருப்பிக் குடுத்தேன். அது ரசீது இல்ல. மிளகுத் தோட்டத்துப் பட்டாவைத் தன் பேருக்கு மாத்தச் சொல்லி உங்கப்பாவோட பங்காளி அர்த்தனாரி மனுப் போட்டிருந்தான். அதுக்கு விசாரணைக்கு வரச் சொன்ன நோட்டீசு அது. விசாரணை அன்னிக்கு உங்கப்பா போவல. பட்டா அர்த்தனாரி பேருக்கு மாறிடுச்சு. எல்லாம் என்னால வந்த வெனைதான். கவனக்கொறவுல சொல்லிட்டேன்.

மாடு கெடேரிக் கன்னு போட்டிருக்குது. நெத்தியில சுழி இருக்குது. பாவாயியக்கா பக்கத்து ஊட்டுல இருந்து ரெண்டு வேளை களி குடுத்துவிடறாங்க.

மாடு கெடேரிக் கன்னு போட்டிருக்குது. பாவாயியக்காதான் சோறு குடுத்துவிடறாங்க. நீ இல்லாத ஊடு ஊடு மாதிரி இல்ல.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து வந்து சேருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
மாதேஸ்வரன்


குண்டனி நாடு
14-7-2024

மனுக்காரருக்கு,

உங்க மனு வந்துச்சு. தள்ளுபடி பண்றதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல.

மாடு கன்னு போட்டதை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க. ஒரு மாடு ரெண்டு கன்னு போட்டுச்சா, இல்ல ஊத்திக்கிட்டு எழுதினீங்களா? வரியெல்லாம் வலது ஓரத்துல போயி முட்டி ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கெடக்குது. முத்து முத்தா எழுதற கைதானே உங்களுது? என்ன வந்துச்சு அதுக்கு?

கவனக்கொறவாம். யாருகிட்டங்க கதை விடறீங்க? தாலுகா ஆபீஸ் தபால்னா மலை மேல இருக்கற பதினாலு நாட்டுச் சனமும் உங்ககிட்டத்தான் ஓடியாருது. மருந்து டப்பா அடியில இருக்கற பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமப் படிக்கற ஆளு நீங்க. உங்களுக்கு நோட்டீசுக்கும் ரசீதுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா இந்த மலையில எவன் நம்புவான்? அர்த்தனாரி உங்க கூட்டாளி. உங்களோட டீ குடிக்காம அந்தாளு பஸ் ஏறமாட்டான். எங்க பெரியப்பா மக்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிக் காட்டறாங்க.

தையில மிளகு பறிக்கப் போன எடத்துல மயக்கம் போட்டு விழுந்தீங்க. மூணு நாள் படுத்து எந்திரிச்சீங்க. பித்தம்னு சொல்லி ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன்னுட்டீங்க. அதுல இருந்தே நீங்க நீங்களா இல்ல. பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு ஒரே பக்கத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க. செவப்புச் சேலை கட்டிக்கிட்டு வந்து, இது என்ன கலருங்கன்னு கேட்டா, முழிச்சு முழிச்சுப் பாத்துட்டுப் பச்சைன்னீங்க. வெளையாடறீங்கன்னு நெனச்சேன். அப்புறம், என் மேல இருந்த பிரியம் போயிடுச்சுன்னு நெனச்சேன். எத்தனை நாள் அடுப்படியில உக்காந்து அழுதேன்னு உங்களுக்குத் தெரியாது.

அது கெடக்கட்டும். நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு அந்தத் தபாலை நீங்க படிச்சீங்களா இல்லையா? படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டே எங்கப்பாகிட்ட மறைச்சீங்களா? ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. வேற ஒன்னும் எழுத வேண்டாம்.

போன் பண்ணாதீங்க. நான் எடுக்கமாட்டேன். பேச்சுன்னு வந்தா நீங்க ஆளைக் கரைச்சுருவீங்க. எழுதுங்க. எழுத்துல பொய் சொன்னா நான் கண்டுபிடிச்சுருவேன்.

பூங்குழலி


அரியூர் நாடு
24-7-2024

அன்புள்ள பூங்குழலிக்கு,

உன் கடிதம் வந்துச்சு. பிரிச்சுப் பாத்ததும் மனசு நெறஞ்சுபோச்சு. இவ்வளவு நீளமா எழுதியிருக்கியே, அதுவே எனக்குப் போதும். நீ எழுதினது எல்லாம் நியாயம்தான். அத்தனையும் ஒத்துக்கறேன். உன் மேல எனக்குத் துளிகூட வருத்தமில்ல.

இங்க மழை பரவாயில்ல. மேக்கால காட்டுல பன்னி புகுந்து மரவள்ளியைத் தோண்டிப் போட்டிருக்குது. சாமை நல்லா மொளைச்சிருக்குது, நீதான் வந்து களை எடுக்கணும்.

ஆடிப் பதினெட்டுக்கு வந்துரு கண்ணு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வரலாம். ஓரி விழாவுக்கு இந்த வருஷமும் கூட்டம் வரும்னு பேசிக்கறாங்க. நீ வந்தா உனக்கு வளையல் வாங்கித் தரேன். சின்னப் புள்ளையாட்டம் கோவிச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்பே?

பதில் எழுதாட்டியும் பரவாயில்ல. ஆளா வந்துரு.

மாதேஸ்வரன்


குண்டனி நாடு
30-7-2024

நான் கேட்ட கேள்வி என்ன, நீங்க எழுதற பதில் என்ன?

எல்லாம் நியாயம்தான், அத்தனையும் ஒத்துக்கறேன்னு எழுதிட்டீங்க. எதைங்க ஒத்துக்கறீங்க? தெரிஞ்சே மறைச்சேன்னு ஒத்துக்கறீங்களா? அந்த வரியைப் படிச்சப்ப எங்கப்பாவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. மாப்ள என்ன எழுதியிருக்காருன்னு அவரே கேட்டாரு, அதனாலதான் வாய்விட்டுப் படிச்சேன். பாதியிலயே எந்திரிச்சு வெளிய போனாரு. தோட்டம் போன அன்னிக்குக்கூட அவரு அப்படிப் போகல.

மிளகுக்கொடி ஒவ்வொன்னும் அவரு கையால ஏத்திவிட்டது. இப்ப அந்தப் பக்கம் போற வழியையே விட்டுட்டு ஓடையைச் சுத்திக்கிட்டுப் போயிட்டு வராரு. இதுல நீங்க வளையல் வாங்கித் தரேன்னு எழுதறீங்க. உங்களுக்கு வெக்கமே இல்லையா?

எனக்கு இன்னும் நம்ப முடியல. பதினேழு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். நமக்குப் புள்ளை இல்லைன்னு உங்க சனமே என்னைப் பேசினப்ப, ஒத்தை ஆளா நின்னு அத்தனை பேரு வாயையும் அடைச்சீங்க. அந்த மனுசன் எங்கப்பாவுக்குத் துரோகம் பண்ணுவாரா? அதனால மறுபடியும் கேக்கறேன். படிச்சீங்களா, இல்லையா?

பூங்குழலி


குண்டனி நாடு
12-8-2024

பதில் வரல. பதினெட்டும் போயிடுச்சு.

சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். என்னை உங்ககிட்ட இருந்து தீத்துவிடச் சொல்லி எங்க சனம் ஊர்க்கவுண்டர்கிட்டப் போயி நின்னுருக்காங்க. வர செப்டம்பர் ஒன்னாந்தேதி, ஞாயித்துக்கிழமை, எங்க ஊரு மாரியம்மன் கோயில் முன்னால கூட்டம். முறைப்படி உங்களுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லுவாங்க. இருந்தாலும் நான் என் கைப்பட எழுதிடறேன்.

வாங்க. வந்து எல்லாரு முன்னாலயும் நின்னு, நான் தெரிஞ்சு செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எப்படி, ஏன்னு ஒருத்தரும் கேக்க நான் விடமாட்டேன். நீங்க சொன்ன அடுத்த நிமிசம் உங்க பின்னாலயே பஸ் ஏறிடறேன். தோட்டம் போனாப் போவுது, அப்பாவை நான் சமாதானம் பண்ணிக்கறேன்.

வரலைன்னா தீத்துவிடச் சொல்லி என் வாயாலயே சொல்லிருவேன். வெறும் மெரட்டல்னு நெனச்சுக்காதீங்க. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும்.

பூங்குழலி


அரியூர் நாடு
29-8-2024

பூங்குழலி கண்ணுக்கு,

இதை மனு மாதிரி எழுத வரல. எழுதற எடத்துல நடுவுல நிறுத்தினா, விட்ட எடம் எனக்குத் தெரியாமப் போயிரும். அதனால பாவாயியக்காகிட்ட என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு ஒரே மூச்சுல எழுதறேன். தப்பு இருந்தாப் பொறுத்துக்க. எழுதினதைத் திருப்பிப் பாக்க என்னால ஆகாது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இல்லைங்கறதுதான். அந்தத் தபாலை நான் படிக்கல. படிக்க முடியல. உன் லெட்டரையும் படிக்கல. தையில விழுந்ததுல இருந்து ஒரு எழுத்துகூட என்னால படிக்க முடியல குழலி.

மூணாம் நாள் எந்திரிச்சுப் பேப்பரை எடுத்தேன். எழுத்தெல்லாம் கன்னடமோ எதுவோ மாதிரி இருந்துச்சு. கண்ணு நல்லாத் தெரியுது. கோடு, சுழி எல்லாம் தெரியுது. என்னன்னுதான் தெரியல. பயந்துபோயி ஒரு தாளை எடுத்து என் பேரை எழுதினேன். கை தன்னால எழுதிடுச்சு. ஆனா எழுதி முடிச்சுட்டுப் பாத்தா, அது யாரு பேருன்னு எனக்குத் தெரியல.

உன்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல. மனுக்கார மாதேசனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும், சோளக்காட்டுல என் பலகைக்குப் பக்கத்துல நாய்கூட வந்து நிக்காது. மனு எழுத வரவங்க வாயால சொல்றாங்க, நான் எழுதறேன். திருப்பிப் படிங்கன்னு யாரும் கேக்கறதில்ல. ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு ஓட்டிக்கிட்டிருந்தேன். அப்பத்தான் உங்கப்பா தபாலோட வந்தாரு. பக்கத்துல நாலு பேரு நின்னாங்க. அவரு என்னைப் பெருமையாப் பாத்தாரு. ரசீதுன்னு சொல்லிட்டேன்.

ஸ்டெல்லா சிஸ்டரை உனக்குத் தெரியும், நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா. அந்தம்மா திண்டுக்கல்லுக்கு மாறுதல் கேட்டு மனு எழுத ஆடிப் பதினெட்டு முடிஞ்சதும் வந்தாங்க. எழுதினேன். படிச்சுக் காட்டுங்கன்னாங்க. மனசுல இருந்ததைச் சொன்னேன். அது எழுதினதோட ஒத்துப்போகல போல. அவங்க அந்தத் தாளை வாங்கித் திருப்பி நீட்டினாங்க. நான் மறுபடியும் படிக்கற மாதிரி நடிச்சேன். "அண்ணே, தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க"ன்னாங்க. அத்தனை வருஷத்து மானமும் அங்கயே போச்சு. அந்தப் பலகை மேலயே தலையை வச்சு அழுதுட்டேன்.

மறுநாளே அவங்கதான் என்னைச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சாங்க. பதினேழு நாள் அங்க இருந்தேன். மண்டையைப் படம் எடுத்தாங்க. டாக்டர் சுமித்ரான்னு ஒரு அம்மா, சின்ன வயசு, பொறுமையா உக்காந்து சொன்னாங்க. பின்மண்டையில இடது பக்கம், பாக்கறதுக்குன்னு இருக்கற எடம் ரத்தம் போகாமச் செத்துப்போச்சாம். அதனாலதான் எனக்கு வலது கைப் பக்கம் ஒன்னும் தெரியறதில்ல. வலது மூளை நல்லா இருக்குது, அதனால மரம், மாடு, உன் முகம் எல்லாம் தெரியும். ஆனா பாத்ததை எழுத்துன்னு புரிஞ்சுக்கற எடம் இடது பக்கத்துல இருக்குதாம். வலதுல இருந்து இடதுக்குப் போற நரம்பும் சேந்து செத்துப்போச்சு. மழையில நம்ம மலை ரோடு சரிஞ்சா, மேல ஊரும் நல்லாத்தான் இருக்கும், கீழ ஊரும் நல்லாத்தான் இருக்கும், பஸ் மட்டும் வராது. அப்படின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். எழுதற எடம் வேறயாம். அதுக்கு ஒன்னும் ஆகல. கலரு பேரு சொல்ல வராததும் இதுனாலதானாம். உன் செவப்புச் சேலையைப் பச்சைன்னு சொன்னது பிரியம் போயி இல்ல கண்ணு.

ஒரு வழி சொல்லிக் குடுத்தாங்க. எழுத்து மேலயே விரலை வச்சு, எழுதற மாதிரி ஓட்டணும். கண்ணு சொல்லாததைக் கை சொல்லும்னாங்க. நெசந்தான். விரல் சுழிச்சு எறங்கறப்ப, ஓ, இது உன் பேருல வர 'பூ'ன்னு தெரியுது. ஒரு வரிக்கு ஒரு நாழி ஆவுது, தலை வலிக்குது, வலது ஓரத்து எழுத்தை விட்டுட்டுப் போயி மறுபடி திரும்பி வாரேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்து இந்த அஞ்சு நாளா அதே வேலைதான். நேத்துச் சாயங்காலம் உன்னோட முதல் லெட்டரை முடிச்சேன். அடுப்படியில உக்காந்து அழுதேன்னு எழுதியிருந்த வரிக்கு மட்டும் அரை நாள் ஆச்சு.

இன்னும் ரெண்டு இருக்குது. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப வந்த கடைசி லெட்டரைப் பாவாயியக்கா வாங்கி வச்சிருந்தாங்க. சிஸ்டர், "நான் படிச்சுக் காட்டறேன், இல்லைன்னா கடைசியா வந்ததையாவது முதல்ல படிங்க"ன்னு சொன்னாங்க. பொண்டாட்டி லெட்டரை இன்னொருத்தர் வாயால கேக்க எனக்கு மனசு வரல. மனுக்காரன் புத்தி, எந்தக் காயிதக் கட்டையும் தேதி வாரியாத்தான் படிக்க வரும். நீ பேசின வரிசையிலயே கேக்கறேன். நாளைக்கு ரெண்டாவதை எடுக்கறேன்.

நான் மறைக்கல. ஏமாத்தல. என்னை நம்பு.

மாதேஸ்வரன்


அரியூர் நாடு
4-9-2024

பூங்குழலி,

ரெண்டாவது லெட்டரை முடிச்சுட்டு மூணாவதை நேத்துத்தான் எடுத்தேன். ஒன்னாந்தேதின்னு படிச்சேன். இன்னிக்கு என்ன தேதின்னு பாவாயியக்காகிட்டக் கேட்டேன். மேல படிக்க விரல் ஓடல. தாளைத் தூக்கிக்கிட்டு சிஸ்டர்கிட்ட ஓடினேன். மீதியை அவங்கதான் படிச்சாங்க.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்குக் கதவுல ஒரு சீட்டுச் செருகியிருந்துச்சு. கரண்டு பில்லுன்னு நெனச்சு மீட்டர் பொட்டி மேல வச்சிருந்தேன். அதையும் இப்ப சிஸ்டர்கிட்டக் காட்டினேன். உங்க ஊர்க்கவுண்டர் அனுப்பின சீட்டாம்.

என்ன சொன்னே? கூட்டத்துல என்ன சொன்னே? ஒரு வார்த்தை எழுது. உன் லெட்டர் வந்ததும் யாரையாவது வச்சுப் படிச்சுக்கறேன். இனிமே வெக்கப்படமாட்டேன்.

மாதேஸ்வரன்


குண்டனி நாடு
8-9-2024

மாமாவுக்கு,

விரலை வச்சுப் படிக்கறதுக்குச் சுளுவா இருக்கட்டும்னு கொட்டை எழுத்துல எழுதறேன். அதனால நெறைய எழுத முடியாது.

ஞாயித்துக்கிழமை காலையில இருந்து கோயில் முன்னால உக்காந்திருந்தேன். சோளக்காட்டுல இருந்து நாலு பஸ் வந்துச்சு. நாலுலயும் எந்திரிச்சுப் போயிப் பாத்தேன். எல்லாரும் பாக்கறாங்கன்னு தெரிஞ்சும் போனேன். ஊர்க்கவுண்டர் மூணு தடவை கேட்டாரு. மூணாவது தடவை, தீத்துவிடுங்கன்னு சொல்லிட்டேன். தாலியைக் கழட்டி அவரு கையில குடுத்தேன். சனம் கலைஞ்சு போச்சு.

திங்கக்கிழமை உங்க லெட்டர் வந்துச்சு.

அப்பாவுக்குப் பூராவும் படிச்சுக் காட்டினேன். லெட்டரை வாங்கி மடிச்சு என் கையில குடுத்தாரு. அப்புறம், "எனக்கும்தான் ஒரு எழுத்துத் தெரியாது. என்கிட்டச் சொல்றதுக்கு மாப்ளைக்கு என்ன வெக்கம்?"னாரு. சொல்லிட்டு ஓன்னு அழுதாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல.

தேதி வாரியாப் படிச்சீங்களாம். ஐயோ மாமா, உங்களை என்ன சொல்லித் திட்டறதுன்னே எனக்குத் தெரியல.

மூளையில அடிபட்டது உங்க தப்பில்ல. படிக்க முடியாமப் போனது உங்க தப்பில்ல. அதை நெனச்சா எனக்கு வயிறு எரியுது. அஞ்சு மாசம் பக்கத்துல இருந்தும் கண்டுபிடிக்கலையேன்னு என்னையும் திட்டிக்கறேன். ஆனா ரசீதுன்னு சொன்னீங்களே, எல்லாம் நியாயம்தான்னு எழுதினீங்களே, அதுக்கு எந்த எடம் செத்துச்சுன்னு அந்த டாக்டரம்மாகிட்டக் கேட்டீங்களா? தெரியலைன்னு ஒரு வார்த்தை, அதைச் சொல்ற வாய் நல்லாத்தானே இருந்துச்சு. நாலு பேரு முன்னால சொல்ல வேண்டாம். ஊட்டுக்குள்ள என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? உங்களுக்குப் பதிலா நான் படிச்சிருப்பேன். ஒருத்தருக்கும் தெரியாம எத்தனை வருஷம்னாலும் படிச்சிருப்பேன்.

என்னையும் அந்த நாலு பேருல ஒருத்தியா வச்சுட்டீங்க. அதுதான் எனக்கு ஆறல.

பட்டா விஷயமா அப்பீல் பண்ணலாம்னு வக்கீல் சொல்றாரு. அந்த மண்டைப் படத்தையும் டாக்டர் சீட்டையும் பஸ்ஸுல குடுத்துவிடுங்க. மாத்திரையை விட்டுடாதீங்க.

நான் வரல. ஊரு தீத்துவிட்டதாலன்னு நெனச்சுக்காதீங்க. ஊரு தீத்ததை ஊரே சேத்தும் வைக்கும், அப்பாவும் போன்னுதான் சொல்றாரு. எனக்குத்தான் முடியல.

இதுக்குப் பதில் எழுதாதீங்க மாமா. எழுதினா நான் படிச்சுருவேன்.

பூங்குழலி